உன் அப்பாவின் முகத்தில் கத்தி பழகினேன்

கண்ணு,

போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்தேன். நீ "அப்புறம் கூப்பிடறேம்மா" என்கிறாய், இல்லாவிட்டால் நான் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவளின் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு அப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த வார்த்தையை நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பக்கம்.

சித்திரையில் நீ வந்த அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்திலிருந்து மட்டுமே நீ பார்த்தாய். நானும் அப்படித்தான் பார்த்தேன். மாசியில் மிளகு பறிக்க ஏணியைத் தூக்கி மரத்தில் சாய்த்த உன் அப்பா, அதைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். அதோடு இடது கை, இடது கால், இடப்பக்க முகம் மூன்றும் போயின. மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து வந்த பிறகு கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. பேச்சு குழறியது. இரண்டு மாதத் தாடியோடு அவரைப் பார்க்க உனக்கு மனசு கேட்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்திருந்த தாடி வெட்டும் மிஷினை எடுத்தாய். வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாய். போனில் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் படத்தைக் காட்டி, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டில் சொல்வதாகச் சொல்லிக்கொண்டே மிஷினைக் கன்னத்தில் ஓட்டினாய். அவர் வலது கையால் ஒரே தட்டு தட்டினார். மிஷின் கல்லில் விழுந்து உடைந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உடைந்ததை நீ குனிந்து எடுக்கக்கூட இல்லை. "புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லட்டும். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எங் கலியாணத்துக்கு யாரும் வர வேண்டாம்" என்றாய். ஆக்கி வைத்த சோறு அப்படியே இருந்தது. இரண்டு மணி பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. ஏன் தெரியுமா? நானும் அதையேதான் நினைத்தேன். பெண் நம் மலையைச் சேர்ந்தவள் இல்லை, கீழ்நாட்டுப் பெண். தை மாதம் நீ முதலில் சொன்னபோதே அவர் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னவர். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்து குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியாதா என்கிற திமிர் எனக்கு. ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்காமலேயே கோபித்துக்கொண்டு மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ. இந்தத் தப்பை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகாதே. நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் என்றைக்காவது முகத்தைத் திருப்பினால், என்ன என்று கேள். பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு.

நீ போன மறுநாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன், உன் அப்பா ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தன்னுடைய அந்த நீட்டுச் சவரக்கத்தியை வலது கையில் பிடித்திருக்கிறார். சட்டைக் காலர் முழுக்க ரத்தம். அது அவருக்குத் தெரியவில்லை. நான் அலறின பிறகுதான் குனிந்து பார்த்தார். கத்தி பிடிக்க ஒரு கை போதும், கண்ணு, ஆனால் தோலை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். தளர்ந்து கிடக்கிற தோலில் கத்தி ஓடாது, இறங்கிவிடும். வயசுப் பையனாக இருந்த நாளிலிருந்து அந்தக் கத்தியில் தானே சவரம் செய்துகொண்ட மனிதருக்கு இது தெரியாதா? தெரிந்தும் முயற்சி பண்ணியிருக்கிறார். எதற்கு இந்த அவசரம் என்று அப்போதும் நான் கேட்கவில்லை, திட்டினேன்.

அதற்குப் பிறகு தாடியைத் தொடவே விடவில்லை. சோளக்காட்டுக் கடைவீதிச் சலூன்காரரை நான் கூப்பிட்டேன், அவரும் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். உன் அப்பா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். கடையில் விற்கிற பிளாஸ்டிக் ரேசரை வாங்கிவந்து, ஒரு நாள் கெஞ்சி உட்கார வைத்து நானே வழித்துப் பார்த்தேன். நீளத் தாடியில் அது சிக்கி இழுத்தது. இடப்பக்கம் எங்கேயோ வெட்டியிருக்கிறது, அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, துண்டில் ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தோம். அந்தச் சாமானில் பிளேடு எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அவருடைய கத்தியில் எல்லாம் வெட்டவெளிச்சம், கூர் எங்கே, தோல் எங்கே என்று பார்த்துக்கொண்டே போகலாம். வலி சொல்ல முடியாத முகத்துக்கு அதுதான் சரி என்று முடிவு பண்ணினேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் நீ அந்தக் கத்தியைத் திருட்டுத்தனமாக எடுத்து மோவாயைக் கிழித்துக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உன் அப்பா, எடுத்ததுதான் எடுத்தான், நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று சண்டை போட்டுக் கத்தியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் கழித்து அவருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தேன். உன்னைச் சலூனுக்குத் துரத்தினேன். அப்பனும் மகனும் ஒருத்தர் முகத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் நிற்கிற மாதிரி இந்த வீட்டில் இருந்த ஒரே காரியத்தை நான்தான் இல்லாமல் பண்ணினேன். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனேன். சலூனுக்குள் ஒரு பொம்பளை நுழைந்தால் எப்படி இருக்கும்? உட்கார்ந்திருந்த நாலு பேரும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சலூன்காரர் முதலில் சிரித்தார். பிறகு கத்தியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு நல்ல கத்தி இந்த மலையில் இருப்பதே எனக்குத் தெரியாது என்றார். கல்லில் தீட்டிக் கொடுத்தார். தன் முன்கையில் நுரையைப் பூசி இரண்டு தடவை ஓட்டிக் காட்டினார். கத்தியின் முதுகு, அதாவது கூர் இல்லாத பக்கம், தோலை ஒட்டியும் ஒட்டாமலும் சாய்ந்திருக்க வேண்டும். முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும். பக்கவாட்டில் மட்டும் இழுத்துவிடவே கூடாது. "கத்திய நீங்க ஓட்டாதீங்கக்கா. தோல இழுத்துப் புடிச்சீங்கன்னா கத்தி அதுவா ஓடும்" என்றார். இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மிச்சமெல்லாம் என் கை பட்ட பாடு.

முதல் நாளே கத்தி தீட்டுகிற தோல் வாரைக் கெடுத்தேன். ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிற அந்த வாரில் கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், திருப்பும்போதும் முதுகில்தான் புரட்ட வேண்டும். நான் கூர்ப் பக்கத்தில் புரட்டி வாரில் ஒரு வெட்டு விழுந்தது. உன் அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதில் பழகுவது என்று யோசித்தேன். மாட்டுக்கொட்டகை மேல் பூசணிக்கொடி ஏறியிருந்தது. பூசணிப் பிஞ்சின் மேலே சுணை இருக்கும், தொட்டால் இரண்டு நாள் தாடி மாதிரியே குத்தும். பிஞ்சை மடியில் வைத்து, சோப்பு நுரை பூசி, சுணையை மட்டும் எடுத்துப் பச்சைத் தோலில் கீறல் விழாமல் விட வேண்டும். முதல் பிஞ்சு கந்தல். இரண்டாவதும் கந்தல். கந்தலானதை எறிய முடியுமா? தினமும் பூசணிப் பொரியல், பூசணிக் கூட்டு. எட்டாம் நாள் நான் தட்டை வைத்ததும் உன் அப்பா அதைத் தள்ளிவிட்டு, குழறிக் குழறி, "நாளைக்கும் பூசணின்னா... எம் மூஞ்சியவே எடுத்துக்க புள்ள" என்றார். இப்படித்தான் சம்மதம் கிடைத்தது.

வலது கன்னத்தில் ஆரம்பித்தேன். அங்கே வலித்தால் அவரால் சொல்ல முடியும். கத்தரியால் தாடியைக் குறைத்து, வெந்நீர்த் துண்டை வைத்து எடுத்து, பிரஷ்ஷால் நுரை போட்டு, காதுப் பக்கத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்துக் கத்தியை வைத்தேன். சர் என்று ஒரு சின்ன சத்தம். வேர்க்கடலைத் தோலை விரலால் நசுக்கினால் வருமே, அவ்வளவுதான். கத்தி போன இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அவருடைய தோல் வெளியே வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை மாதமாக எங்கேயோ போயிருந்த ஆள் ஒரு விரல் அகலத்துக்குத் திரும்பி வந்தது மாதிரி இருந்தது எனக்கு. ஐந்து நாள் அந்தக் கன்னத்தை மட்டும்தான் செய்தேன், மற்றதைத் தொடவில்லை. காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது, எனக்குத் தெரியாது. தாடை முனையில் முடி ஒரு சுழியாகச் சுற்றி வளர்கிறது, கன்னுக்குட்டி நெற்றியில் இருக்கிற மாதிரி. முப்பத்திரண்டு வருஷம் இந்த முகத்துக்குச் சோறு போட்டிருக்கிறேன், இந்த முகத்தோடு சண்டை போட்டிருக்கிறேன், இதை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனித முகத்தில் இவ்வளவு இருக்குமா என்று பிரமிப்பாக இருந்தது.

ஆறாம் நாள் இடப் பக்கம் வந்தேன். நுரை போட்டுவிட்டுக் கத்தியைத் தூக்கியதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அந்தப் பக்கம் ஆளே இல்ல புள்ள" என்றார். என்னவென்று இந்தத் தடவை கேட்டேன். நுரை காய்கிற வரைக்கும் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக. "அவன் மிஷின வெச்சப்ப இந்தப் பக்கம் அதுருது. மூக்கத் தாண்டுனா ஒண்ணுமில்ல. பாதி மூஞ்சி செத்துப்போச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது." நீ கல்யாணப் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறாய், அவர் வாயோரம் எச்சில் வழிந்து உன் கையில் பட்டிருக்கிறது. உனக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. செத்த முகத்தை மகன் பார்த்துவிடக் கூடாது என்று திருப்பிக்கொண்டார், கண்ணு. அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. பெண்ணைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "நல்ல முகம். அவனாட்டமே சிரிக்குது" என்றார். நீ போன மறுநாள் அவர் ஒற்றைக் கையால் கத்தியை எடுத்ததும் உன் கல்யாணத்துக்காகத்தான். கழுத்தெல்லாம் ரத்தத்தோடு நின்றவரைத் தண்ட வேலை என்று நான் திட்டியிருக்கிறேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதனால்தான் ஒரு மாதமாக உன்னிடம் போனில் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

இடக் கன்னத்தைப் பூசணிப் பிஞ்சைவிடப் பயந்து பயந்து செய்தேன். அங்கே வெட்டினால் சொல்ல ஆள் இல்லை, அவருக்கும் சேர்த்து என் விரல்தான் உணர வேண்டும். அடுத்தது கழுத்து. தலையைப் பின்னால் சாய்த்தார். தாடைக்குக் கீழே ஒரு குழியில் ரத்தம் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு மேல்தான் கத்தி போக வேண்டும். நேற்று வரைக்கும் பூசணி சீவினவளிடம் இந்த மனிதர் கழுத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். பாதிக் கழுத்து முடிந்தபோது மூச்சு மாறியது, பார்த்தால் தூங்கிவிட்டார். எனக்குச் சாமி கும்பிடத் தெரிந்த அளவில் கோயிலில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு வாசலில் கத்தியோடு நின்றபோது வந்த நடுக்கம் எனக்கு எந்தக் கோயிலிலும் வந்ததில்லை.

இப்போது மீசை விஷயம். இதில் உனக்கும் பங்கு இருக்கிறது. மூக்கு நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீசை ஓரத்தைச் சீராக்கிக்கொண்டிருந்தேன். உன் போன் வந்தது. இரண்டு வாரமாகக் கூப்பிடாத பிள்ளையின் பெயரைப் பார்த்ததும் கை துள்ளிவிட்டது. இடப் பக்க மீசையில் பாதி கீழே. பந்தலுக்கு என்ன கலர் வைக்கலாம் என்று நீ கேட்டாய், நான் "ஏதோ வெச்சுக்க சாமி" என்று வைத்துவிட்டேன், அதற்கு நீ கோபித்துக்கொண்டாய். இரண்டு பக்கமும் சமமாக்குகிறேன் என்று அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் எடுத்து, கடைசியில் மீசையே இல்லை. கண்ணாடியைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வெயில் காய வாசலுக்குப் போய்விட்டார்.

நம் பக்கத்தில் ஒரு ஆம்பளை மீசையை எடுத்தால் பெற்றவர் செத்துப்போனார் என்று அர்த்தம், அது எனக்கு உறைக்கவே இல்லை பார். அவருடைய அம்மா போனபோது எடுத்தது, இப்போது உயிரோடு இருப்பது அவரைப் பெற்ற உன் அப்பாரு ஒருத்தர்தான், அவரும் உன் சித்தப்பன் வீட்டில் பக்கத்து ஊரில். புல்லுக்கட்டோடு போன யாரோ நம் வாசலைப் பார்த்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் நம் குண்டனி நாட்டு ஊர்கள் முழுக்க உன் அப்பாரு செத்துப்போய்விட்டார். முதலில் இரண்டு பேர் மாலையோடு வந்தார்கள். பின்னாலேயே ஐந்தாறு பொம்பளைகள் படியேறும்போதே அழுதுகொண்டு வந்தார்கள். நான் இல்லீங்க, இல்லீங்க என்கிறேன், துக்கத்தில் பேசுகிறேன் என்று என்னையும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குள் சித்தப்பன் வீட்டுக்கு யாரோ போன் போட்டு, எத்தனை மணிக்கு எடுக்கறீங்க என்று கேட்டிருக்கிறார்கள். போனை எடுத்தது உன் அப்பாரு. யாரை எடுக்கிறீர்கள் என்று அவரே விசாரித்திருக்கிறார்.

அடுத்த பஸ்ஸில் தடியை ஊன்றிக்கொண்டு அவர் வந்து இறங்கினார். வாசலில் அழுதவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அவர் யாரையும் கண்டுகொள்ளாமல் மகன் முகத்தைப் பார்த்தார், நான் கையில் வைத்திருந்த மாலையைப் பார்த்தார். "எனக்குன்னுதான கொண்டாந்தாங்க" என்று வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

உன் அப்பா சிரித்தார், கண்ணு. மாசிக்குப் பிறகு முதல் தடவை. வலப் பக்கம் முழுக்க மேலே ஏறியது, இடப் பக்கம் அப்படியே நின்றது, வாயோரம் எச்சில் வழிந்து மழுமழுவென்று இருந்த மோவாயில் இறங்கியது. துண்டை எடுக்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. தாடியும் இல்லை, மீசையும் இல்லை, மறைக்க ஒன்றுமே இல்லாத முகத்தோடு அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து சிரித்தார். பாதி முகம் செத்துவிட்டது என்று சொன்னவர். அந்தப் பாதியும் சேர்ந்துதான் எனக்கு அழகாக இருந்தது. இவ்வளவு அழகான ஆளையா கட்டிக்கொண்டேன் என்று இந்த வயதில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எல்லோரும் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது பங்காளிகளில் ஒருத்தர் ஆரம்பித்தார். மகன் கல்யாணத்துக்கு மீசை இல்லாத தகப்பன் மணவறையில் நிற்பது நன்றாக இருக்காது, வீட்டிலேயே இருந்துவிடட்டும் என்றார். நீ வேண்டாம் என்று சொன்னது போதாதென்று இது வேறா என்று காப்பி டம்ளர்களை நங்கென்று வைத்தேன். உன் அப்பாரு மாலையைக் கழற்றாமலேயே சொன்னார்: "நாந்தான் மின்னாடி உக்காந்திருப்பனே. அவன் மீசையப் பாத்துச் சந்தேகப்படறவன் என்னையத் தொட்டுப் பாத்துக்கட்டும்." ஆரம்பித்தவர் செருப்பைத் தேடிக்கொண்டு படி இறங்கினார்.

வந்தவர்கள் போன பிறகு உன் அப்பா என்னைக் கூப்பிட்டு, வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றையும் அவனுக்கு எழுது, எச்சில் வழிந்ததையும் எழுது என்றார். எழுதிவிட்டேன். இனி உன் பாடு. மீசை ஆவணிக்குள் அரிசி நீளம் வளர்ந்துவிடும், அதைப் பற்றி யோசிக்காதே. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வா. பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றால் வரட்டும். மிஷின் எதுவும் வாங்கி வராதே, கத்தி தீட்டித்தான் இருக்கிறது. வலது கன்னத்தையும் கழுத்தையும் நான் முடித்து வைத்திருப்பேன். இடக் கன்னத்தை மட்டும் உனக்கு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார். அவனுக்குக் கத்தி பிடிக்கவே தெரியாதே, அந்தப் பக்கத்தையா கொடுப்பது என்று நான் பதறினேன்.

"அங்கதான் எனக்கு வலிக்காது. அவன் பயப்படாமப் பழகிக்கட்டும்" என்றார்.

உன் அம்மா